ஒவ்வொரு முறையும் கேள்

பிஷ்கெக்கிலிருந்து ஆறு மணி நேரம் மினிபஸ்.
டோலோன் கணவாயில்
பனி தள்ளும் வண்டிக்குப் பின்னால் ஊர்ந்தபடி
இன்னும் ஒன்றரை.
இவ்வளவும் ஒரு வரியை மாற்றிவிட்டு வர.

அட்-பாஷி கால்நடை மருத்துவ நிலையம்.
ரேடியேட்டர் மேல் காயும் இரண்டு கையுறைகள்,
ஒன்று இடது, மற்றொன்றும் இடது.
புகார்த் தாளில் அவள் எழுதியிருந்தது இவ்வளவே:
'நான் சொல்வதை ஃபைல் கேட்டுக்கொள்கிறது,
மனதில் வைப்பதில்லை.'

"மூன்று ராத்திரி" என்றாள் புருல்கான்.
"அடைப்பான் தடுப்பூசி, இருநூற்றுப் பதினான்கு குதிரை.
நிறம், வயது, யாருடையது, எந்தத் தேதி.
ஒவ்வொன்றாக ஏற்றினேன்.
சேவ் என்றேன். ஆயிற்று என்றது.
காலையில் மறுபடி திறந்தால்
தலைமையகம் அனுப்பிய அதே காலிக் கட்டங்கள்.
கிணற்றில் போட்ட கல்."

நான் விளக்கினேன்.
பிரவுசர் இறக்கிய ஃபைலை
உன் மேசையில் வைக்கவில்லை,
தன் சட்டைப்பையில் வைத்தபடியே
திறந்து நீட்டியிருக்கிறது.
நீ எழுதியதெல்லாம் பைக்குள் இருந்த தாளில்.
வேலை முடிந்ததும் அது
பையை உதறிவிட்டுப் போய்விட்டது.

"அப்புறம் எதற்கு ஆயிற்று என்றது?"

ஆறு வருடமாக இந்த வேலை பார்க்கிறேன்.
உப்புப் போட்ட தேநீரை
இன்னொரு மிடறு குடித்தேன்.

அமைப்புகள். கீழே. இன்னும் கீழே.
வரிசையாக ஃபைல் வகைகள்,
ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு கட்டளை.
எக்செல் என்ற இடத்தில் நிறுத்தி
எங்கே வைக்கட்டும் என்றேன்.
புதுக் கோப்புறைக்குப் பெயர் சொன்னாள்: கொட்டில்.
இறக்கு, கொட்டிலில் கட்டு, உடனே திற,
எழுத விடு.
மாற்ற ஆறு வினாடி ஆகியிருக்கும்.

திறந்தது. கர்சர் துடித்தது.
பழைய நோட்டைப் பிரித்து
முதல் ராத்திரியை மறுபடி தட்டத் தொடங்கினாள்.
நான் போர்சோக் தின்றுகொண்டிருந்தேன்.
முப்பத்தேழாவது வரியில்
அவள் முழங்கை எதிலோ பட்டது.

ஜோல்தோஷ்பெக்கின் சாம்பல் பெட்டை,
ஏழு வயது, முன்னங்கால் வெள்ளை,
இருந்த இடத்தில் இல்லை.

கன்ட்ரோல் இசட். வந்துவிட்டது.
ஆனால் அவள் நாற்காலியைப் பின்னால் தள்ளி
கைகளை மடியில் வைத்துக்கொண்டாள்,
சுட்டுவிட்ட மாதிரி.

"போன மாதம் தொடவே விடவில்லை,
பார்க்க மட்டும் என்றது.
அப்புறம் தொட விட்டு ஏமாற்றியது.
இப்போது வேலியே இல்லை.
இரண்டுக்கும் நடுவில் ஒன்று வைக்கத்
தோன்றவில்லையா உங்கள் ஆட்களுக்கு?"

இருக்கிறது.
அந்தப் பட்டியலின் மூன்றாவது வரி,
யாருக்கும் நான் போட்டுத் தராதது:
ஒவ்வொரு முறையும் கேள்.

தொல்லை என்றேன்.
ஒரு நாளைக்கு இருபது தடவை கேட்கும்:
திறக்கவா, வைக்கவா, எதில் திறக்க.
பத்து நாளில் நீயே எனக்குப் போன் செய்வாய்.

"ஊசி போடுவதற்கு முன்னால்
கழுத்தில் கையை வைத்து நிற்பேன்" என்றாள்.
"சும்மா. காது என் பக்கம் திரும்பும் வரை.
எட்டு வினாடி, சிலதுக்கு ஒரு நிமிடம்.
இருநூற்றுப் பதினான்கு தடவை நின்றிருக்கிறேன்.
அது தொல்லையா?"

மாற்றிக் கொடுத்தேன்.
சின்னப் பெட்டி ஒன்று எழுந்து
என்ன செய்யட்டும் என்று கேட்டது.
மௌஸின் மேல் கையை வைத்து
அவள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள்.
பிறகு, கொட்டில்.

திரும்பும் பஸ்ஸில் சிக்னல் விட்டு விட்டு வந்தது.
அலுவலகம் அறிக்கைப் படிவம் அனுப்பியிருந்தது:
செய்த பணி, எடுத்த நேரம்,
பயனாளர் திருப்தி ஐந்துக்கு எத்தனை.
விரலால் தட்டினேன்.
படிக்க மட்டும் என்றது.

டிக்கெட்டின் பின்புறம் எழுதினேன்:
முப்பத்தேழு வரை ஏறியிருக்கிறது.
சாம்பல் பெட்டை பத்திரம்.
இடது கையுறை ஒன்று
எப்படியோ என் பையில் வந்திருக்கிறது.